பழைய லாரியில் கடகடச் சத்தம்: இஞ்சினைப் பிரிப்பதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்துப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "இஞ்சின்ல ஏதோ கடகடன்னு கேக்குதுங்க, பிரிச்சுப் பாத்துடலாமா?" முதல் பாதி சரி. இரண்டாவது பாதிதான் அவசரம். இஞ்சினைப் பிரித்துவிட்டால் சத்தமும் போய்விடும், அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும் வழியும் போய்விடும். அதனால் ஓடுகிற இஞ்சினிடம் கேட்க வேண்டியதை எல்லாம் முதலில் கேட்டுவிட வேண்டும்.

நான் பேசுவது டீசலை அழுத்தித் தள்ளும் பம்பும், அதைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசிலும் உள்ள பழைய டீசல் இஞ்சின்களைப் பற்றி. உதாரணத்துக்கு, டாடா லாரிகளில் நம் சாலைகளில் ஏராளமாக ஓடிய ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர் கம்மின்ஸ் இஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். மற்ற இஞ்சின்களுக்கு அளவுகள் மாறும், வழிமுறை பெரிதாக மாறாது.

முதலில் டிரைவரைக் கேளுங்கள், முதலாளியை அப்புறம் கேட்கலாம். சத்தம் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வருகிறதா, சூடேறிய பிறகு வருகிறதா? ஐட்லிங்கிலா, மேடு ஏறும்போதா? கிளட்சை மிதித்தால் மாறுகிறதா? கடைசியாக என்ன வேலை பார்த்தீர்கள், டீசல் எங்கே போட்டீர்கள்? கிளட்சை மிதித்ததும் சத்தம் நின்றால் கியர் பாக்ஸ் முன் ஷாஃப்ட் பேரிங்கைப் பாருங்கள். மிதிக்கும்போது மட்டும் வந்தால் ரிலீஸ் பேரிங். இரண்டுக்கும் இஞ்சினில் கை வைக்க வேண்டியதே இல்லை.

அடுத்து, இஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருப்பவை. டைனமோ, வாட்டர் பம்ப், ஃபேன், பிரேக்குக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு நிமிடம் ஓடவிட்டால் முதல் மூன்றின் கதை தெரிந்துவிடும். அதற்கு மேல் ஓடவிடாதீர்கள், தண்ணீர் சுற்றாது.

கம்ப்ரஸரைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். மோகனூர் பக்கம் கரும்பு ஏற்றும் ஒரு லாரி எங்களிடம் வந்தது. வேறு இடங்களில் காட்டி, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடின் பேரிங் போய்விட்டது, இஞ்சினை இறக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்திருந்தார்கள். கேட்டால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள், அவ்வளவு கனமான தட்டு. ஆனால் டிரைவர் ஒன்று சொன்னார்: "கொஞ்ச நேரம் நிக்குதுங்கண்ணே, அப்புறம் மறுபடி வருது." ராடு பேரிங் அப்படி ஓய்வெடுக்காது. ஏர் மீட்டரைப் பார்த்தபடி ஐட்லிங்கில் விட்டோம். டேங்க் நிரம்பி, புஸ்ஸென்று காற்று விட்ட அந்த நொடியில் தட்டு அடங்கியது. பிரேக்கை ஏழெட்டு முறை மிதித்து முள்ளை இறக்கினோம். கம்ப்ரஸர் மறுபடி காற்றடிக்கத் தொடங்கியதும் தட்டும் தொடங்கியது. கம்ப்ரஸருக்குள்ளும் ஒரு கிராங்க், ஒரு ராடு, ஒரு பிஸ்டன் இருக்கிறது. தேய்ந்திருந்தது அதன் ராடு பேரிங். கம்ப்ரஸரை மட்டும் கழற்றி வேலை பார்த்ததோடு முடிந்தது.

இவை எல்லாம் இல்லை என்றான பிறகுதான் இஞ்சினுக்குள் போக வேண்டும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வையுங்கள். துண்டு, தொளதொளச் சட்டைக்கை ஃபேன் பக்கம் போகக் கூடாது. மேலே டாப்பெட் கவரில் சத்தம் கூர்மையாகக் கேட்டால் ஒரு வழி, கீழே ஆயில் தேங்கும் சம்ப் பக்கம் கனமாகக் கேட்டால் வேறு வழி.

மேலே கேட்கும் "டிக் டிக்" பெரும்பாலும் டாப்பெட் கேப், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி. இந்த இஞ்சினில், ஆறிய நிலையில் இன்லெட் வால்வுக்கு 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டுக்கு 0.50. இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் லேசாகப் பிடித்து நகர வேண்டும். சத்தம் போகட்டும் என்று கேப்பை நெருக்கி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இது பெரிய தப்பு. கேப் கூடினால் சத்தம் போடும், குறைந்தால் சத்தமே இல்லாமல் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். கேப் சரியாக வைத்தும் கொஞ்ச நாளில் ஒரே வால்வு மறுபடி லூசானால், புஷ் ராடு, ராக்கர், கேம் மூன்றில் ஏதோ தேய்கிறது. இன்னொன்று: புகை வெளியேறும் மேனிஃபோல்டின் கேஸ்கெட் விட்டிருந்தாலும் அச்சு அசல் டாப்பெட் மாதிரியே தட்டும். லோடில் அது கூடும், ஜாயிண்ட் ஓரத்தில் கரி படிந்திருக்கும்.

அடுத்தது எரிவதில் வரும் தட்டு. பம்பு டைமிங் முன்னால் போய், டீசல் சீக்கிரமே உள்ளே பீய்ச்சப்பட்டால் எல்லா சிலிண்டரிலும் வறட்டுத்தனமாக அடிக்கும். டீசலில் கலப்படம் இருந்தாலும் அப்படித்தான். டீசல் எவ்வளவு சீக்கிரம் பற்றிக்கொள்ளும் என்பதைச் சீட்டேன் எண் சொல்கிறது. இப்போது நம் நாட்டில் விற்கும் டீசலுக்குக் குறைந்தது 51 இருக்க வேண்டும். அது குறைந்தால், உள்ளே போன டீசல் தாமதமாகப் பற்றி, மொத்தமாக ஒரே நேரத்தில் வெடிக்கும். அந்த அடிதான் வெளியே சத்தமாக வருகிறது.

ஒரே சிலிண்டரில்தான் தட்டு என்று சந்தேகம் வந்தால் ஐட்லிங்கில் நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாக லூஸ் செய்து, அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாமல் நிறுத்திப் பார்ப்பது பழைய முறை. கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு, நட்டைத் துணியால் மூடிச் செய்யுங்கள். அந்த பைப்பில் இருநூறு பாருக்கு மேல் அழுத்தம் உண்டு. பீறிடும் டீசல் தோலுக்குள் ஏறினால் காயம் ஊசி குத்தியது போலத்தான் தெரியும், கை போய்விடும். பட்டால் உடனே ஆஸ்பத்திரி, மறுநாள் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயில் அழுத்தம் வைத்திருக்கும் காமன் ரயில் இஞ்சினில் இந்த வேலையை ஒருபோதும் செய்யாதீர்கள்.

சரி, மூன்றாவது நட்டை லூஸ் செய்ததும் தட்டு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நாசிலா, ராடா? இஞ்சினை நிறுத்தி, மூன்றாவது நாசிலை ஐந்தாவதில் போட்டு, ஐந்தாவதை இங்கே போடுங்கள். தட்டு நாசிலோடு போனால் நாசில் சொட்டுகிறது, டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்புங்கள். மூன்றிலேயே நின்றால் பிஸ்டனோ ராடோதான். ஆறியிருக்கும்போது அடித்து, சூடேற ஏறக் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரில் ஆடுகிறது. கொஞ்ச நாள் ஓட்டலாம். சூடேற ஏறக் கூடினால், அதிலும் ரேஸ் செய்துவிட்டு ஆக்சிலேட்டரை விடும் நேரத்தில் தடதடவென்று வந்தால், ராடு பேரிங். அங்கேயே நிறுத்திக் கட்டி இழுத்து வாருங்கள். ராடு அறுந்தால் பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

அதை உறுதி செய்ய ஆயில் பிரஷரைப் பாருங்கள். டேஷ்போர்டு முள்ளை நம்பாமல் தனி மீட்டர் மாட்டுங்கள். சூடான இஞ்சின் ஐட்லிங்கில் 0.7 பாருக்குக் கீழே போகக் கூடாது, முழு வேகத்தில் 2 பாராவது இருக்க வேண்டும். பிறகு ஆயில் ஃபில்டரைத் தூக்கி எறியாதீர்கள், வெட்டுங்கள். உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை விரித்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். மினுமினுக்கும் பொடியில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் இரும்பு: கேமோ, கியரோ, சிலிண்டர் சுவரோ. ஒட்டாமல் வெள்ளையாகவோ செம்பு நிறமாகவோ கிடந்தால் அது பேரிங்கின் மேல்பூச்சு.

இப்போது திறக்கலாம். பல லாரிகளில் சம்ப்பைக் கழற்றி ராடின் கீழ் மூடியைத் திறக்க இஞ்சினை இறக்கவே வேண்டாம். பேரிங்கை எடுத்துவிட்டு அது உட்காரும் கிராங்க் ஜர்னலில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் கிராங்க் லேத்துக்குப் போயாக வேண்டும். வழவழப்பாக இருந்தாலும் மைக்ரோமீட்டர் வைத்து அளக்காமல் புது பேரிங் போடாதீர்கள்.

அதோடு டிப்ஸ்டிக்கையும் ஒரு தடவை பாருங்கள். ஆயில் குறையாமல், கூடியிருக்கிறதா? முகர்ந்தால் டீசல் வாடை வருகிறதா? டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தால் டீசல் நேரே சம்ப்புக்கு வந்து ஆயிலை நீர்க்கச் செய்துவிடும். பேரிங்கைத் தின்றது அதுவாக இருந்தால், ஃபீட் பம்பை மாற்றாமல் போடுகிற புது செட்டும் சீக்கிரமே தட்ட ஆரம்பிக்கும்.

வணக்கம்.