குவிமாடமா பழசு? டர்பன் யுனிவர்சிட்டியில் யாரும் கவனிக்காத கணக்கு!

(திரையில்: டர்பனின் பெரியா (Berea) மேட்டின் மேல் ஹோவர்ட் காலேஜ் குவிமாடம்)

வணக்கம் மக்களே! நம்ம தென்னாப்பிரிக்காவில், குவாசூலு-நாட்டால் பல்கலைக்கழகத்தின் மிகப் பழைய கட்டடம் எது? டர்பன்காரர் யாரைக் கேட்டாலும் இந்தக் குவிமாடத்தைத்தான் காட்டுவார். தப்பு! அது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் செங்கல் மணிக்கூண்டுக் கட்டடம். 1910இல் அடிக்கல், 1912இல் வேலை முடிந்தது. அவ்வளவுதான், வாங்க டர்பனுக்கே போவோம்.

இந்தக் குவிமாடத்துக்குப் பெயர் தந்த ஹோவர்ட் யார்? கவர்னரா, பேராசிரியரா? இரண்டும் இல்லை. முதல் உலகப் போரில், 1916இல் பிரான்சில் நடந்த சோம் சண்டையில் பலியான ஓர் இளைஞன். அப்பா டி. பி. டேவிஸ், துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலில் பெரும் பணம் பார்த்தவர். மகன் நினைவாக அவர் கொடுத்த காசில்தான் இது எழுந்தது. திறந்தது 1931இல்.

இந்த மனிதரை அப்படியே விட்டுவிட முடியாது. வெஸ்ட்வர்ட் என்று ஒரு பாய்மரக் கப்பல் வைத்திருந்தார். அதை ஓட்டிப்போய் யாரோடு பந்தயம்? ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பிரிட்டானியாவோடு! ராஜாவிடமே மோதுகிற தைரியம் பாருங்கள். ராஜா செத்ததும் 1936இல் பிரிட்டானியாவைக் கடலில் மூழ்கடித்தார்கள். டேவிஸ் 1942இல் போனார்; 1947இல் வெஸ்ட்வர்டுக்கும் அதே கதி. இரண்டு கப்பலையும் வேண்டுமென்றே! எனக்கு மனசே ஆறவில்லை.

சரி, இந்தக் குவிமாடத்துக்குக் கீழே நம்மவர் படித்தார்களா? கல்லூரி ஆசிரியை மேபல் பாமர் அம்மையார் முயற்சியில் 1936இல் வெள்ளையர் அல்லாதவர்களுக்கு வகுப்பு தொடங்கியது. ஆனால் மேட்டின் மேலே இல்லை, கீழே, சாஸ்திரி காலேஜில். பகலில் அது பள்ளிக்கூடம். பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின், அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்களில் பலர் பகலெல்லாம் பாடம் நடத்திக் களைத்த வாத்தியார்கள்.

அந்தப் பள்ளி யார் காசு? இந்திய அரசின் முதல் ஏஜெண்டாக, அதாவது பிரதிநிதியாக, இங்கே வந்த நம்ம வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி, இந்தியர்களிடம் நன்கொடை திரட்டியது. திறந்த வருஷம் 1929. கணக்குப் போடுங்கள்: மேலே இருப்பதைவிட 2 வருஷம் மூத்தது! என்னைக் கேட்டால் கேமராவை முதலில் இந்தப் பக்கம்தான் திருப்ப வேண்டும்.

உங்கள் தாத்தாவோ ஆயாவோ அந்த வகுப்பில் படித்திருந்தால் கமெண்டில் எழுதுங்கள். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் மக்களே, உங்களைத்தான்! அப்புறம் 1961இல் இந்தியர்களுக்கென்று தனிக் கல்லூரி, அதுவும் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரித் தீவில், பழைய கடற்படைக் கொட்டகையில். மாணவர்கள் படகில் ஏறி வகுப்புக்குப் போன அந்தக் கூத்து அடுத்த வீடியோவில்.