முதல் சம்பளத்திலேயே தொடங்கட்டும்

நடுவர் அவர்களே, வணக்கம். இளைஞர்கள் கடன் வரலாற்றை, அதாவது கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய பதிவை, முதல் சம்பளத்திலேயே தொடங்க வேண்டுமா, தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாமா என்பது தலைப்பு. எதிரணி அண்ணன் "கடனில்லாக் கஞ்சி கால் வயிறு" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கஞ்சிக்குச் சரி. வண்டிக்கு?

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமான ஒரு பையன் பைக் ஷோரூமுக்குப் போகிறான். யாருக்கும் பத்து பைசா பாக்கி இல்லை. ஃபைனான்ஸ் மேஜையில் இருப்பவர் பான் நம்பரைத் தட்டுகிறார். கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்பதற்குப் போடும் மதிப்பெண்தான் சிபில் ஸ்கோர், 300 முதல் 900 வரை. நம்ம பையனுக்கு வருவது மைனஸ் 1. "சார், நான் என்ன தப்பு பண்ணேன்?" ஒன்றுமே பண்ணவில்லை, அதுதான் சிக்கல். கடன் பதிவே இல்லை என்பதற்குத்தான் அந்த மைனஸ் 1. "அப்பாவைக் கையெழுத்துப் போடக் கூட்டிட்டு வாங்க தம்பி" என்கிறார் அவர். அப்பா இருபது வருஷம் தவறாமல் சீட்டு கட்டியவர். தெரிந்தவர் நடத்திய அந்தச் சீட்டு எந்த ரிப்போர்ட்டிலும் ஏறவில்லை!

மளிகைக்கடை அண்ணாச்சி புதிதாகக் குடிவந்தவருக்கு எடுத்த எடுப்பில் மூட்டை அரிசியைக் கடனாகத் தூக்கிக் கொடுப்பாரா? கால் கிலோ சர்க்கரை கொடுத்துப் பார்ப்பார். ஒன்றாம் தேதி காசு வந்தால்தான் நோட்டில் தனிப்பக்கம். வங்கியும் அப்படித்தான்.

முதல் கடன் கேட்பவரை, ஸ்கோர் இல்லை என்பதற்காக மட்டும் திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதை எதிரணிச் சகோதரி எடுத்துக்காட்டினார். உண்மைதான். ஆனால் கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லையே! என்ன வட்டிக்குக் கொடுப்பது என்பதும் வங்கியின் கையில்.

"கார்டைக் கொடுத்தால் கண்டபடி செலவழிப்பார்கள்" என்றும் பயமுறுத்தினார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் சின்னதாகத் தொடங்கச் சொல்கிறேன். வங்கியில் இருபதாயிரம் ரூபாய் எஃப்டி, அதாவது நிரந்தர வைப்பு போட்டு, அதன் பேரில் ஒரு கிரெடிட் கார்டு. லிமிட் எஃப்டி தொகையை ஒட்டித்தான் இருக்கும், எஃப்டிக்கு வட்டியும் ஓடும். பெட்ரோல், மொபைல் ரீசார்ஜ், அவ்வளவுதான். பில் வந்ததும் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். 'மினிமம் டியூ' என்று மூலையில் ஒரு சின்னத் தொகை சிரிக்கும். அதை மட்டும் கட்டினால் மீதிக்கு வருஷ வட்டி நாற்பது சதவீதத்தைத் தாண்டியும் போகலாம். ஆறு மாதம் போல ஒழுங்காகக் கட்டினால் மைனஸ் 1 போய் மூன்று இலக்கம் வந்துவிடும். அப்புறம், இப்போது வாங்கு, பிறகு கட்டு என்கிற அந்த 'பே லேட்டர்' பட்டன்! முந்நூறு ரூபாய்க்கு அழுத்தி மறந்தாலும் அதுவும் கடன்தான், பேர் கெட்டுவிடும். சிபில் ரிப்போர்ட்டை வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாகவே எடுத்துப் பார்க்கலாம்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். எதிரணி அண்ணனிடம் ஒரே கேள்வி: வாசலில் நிற்கிற உங்கள் காரை மொத்த ரொக்கம் எண்ணிக் கொடுத்தா வாங்கினீர்கள்? அவர் பதிலைக் கேட்டுக்கொண்டு தீர்ப்பு சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.