பெயர் தெரியாத மாத்திரை

நேயர்களுக்கு வணக்கம். மருந்துப் பெட்டியைத் துப்புரவு செய்யும்போது அடியில் ஒரு மாத்திரை தனியாகக் கிடக்கும். அட்டை இல்லை, யார் எப்போது வாங்கியது என்ற நினைவும் இல்லை. மருந்தாளுநராக இருப்பவர்களை அடிக்கடி தேடி வரும் கேள்வி இதுதான்: "சின்னதாக, வட்டமாக, வெள்ளையாக இருக்கிறது, இது என்ன மாத்திரை?" வெள்ளை வட்ட மாத்திரைகளுக்குக் கணக்கே கிடையாது. நிறத்தையும் வடிவத்தையும் பிறகு பேசலாம். அதன்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. மாத்திரையை ஈரமில்லாத காகிதத்தில் வைத்து, டார்ச் விளக்கைத் தலைக்கு மேலே பிடிக்காமல் மேசை மட்டத்திற்கு இறக்கி, பக்கவாட்டில் வெளிச்சம் அடியுங்கள். பள்ளமாகப் பொறித்த எழுத்தில் நிழல் விழும்; வெறும் வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் ஓர் எண் எழுந்து வரும். மறுபக்கமும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் நிறுவனத்தின் குறியும் மறுபக்கம் எண்ணும் இருப்பது உண்டு. கேப்சூல் என்றால் மூடியிலும் அடிப்பாகத்திலும் வெவ்வேறு எழுத்துகள் இருக்கலாம். 6 தலைகீழானால் 9, 'எம்' தலைகீழானால் 'டபிள்யூ'. சுழியத்தையும் 'ஓ' எழுத்தையும் பிரித்தறிவது இன்னும் கடினம். ஐயம் இருந்தால் இரண்டு விதமாகவும் எழுதிக்கொள்ளுங்கள்.

பொறித்த எண்தான் மருந்தின் அளவு என்று பலர் நினைக்கிறார்கள். சில மாத்திரைகளில் அப்படித்தான், பலவற்றில் இல்லை. அமெரிக்காவில் விற்கும் ஒரு வெள்ளை நீள்வடிவ மாத்திரையில் 'எல் 484' என்று இருக்கும். அது 500 மில்லிகிராம் பாரசிட்டமால். 484 என்பது உற்பத்தியாளர் வைத்துக்கொண்ட குறியீடு, அவ்வளவே.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1993-இல் ஒரு விதி வெளியிட்டது. 1995-இல் அது நடைமுறைக்கு வந்தது. வாய்வழி உட்கொள்ளும் மாத்திரை, கேப்சூல் ஒவ்வொன்றிலும், அளவு, வடிவம், நிறம் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தால் மருந்தையும் தயாரிப்பாளரையும் அடையாளம் காட்டும் குறியீடு இருக்க வேண்டும் என்பது அந்த விதி. பொறிப்பை வைத்துத் தேடும் தரவுத்தளங்கள் அந்த நாட்டு மாத்திரைகளுக்குச் சிறப்பாக வேலை செய்வதற்கு இதுவே காரணம். ஆனால் அங்கும் சத்து மாத்திரைகள் இந்த விதிக்குள் வருவதில்லை. பொறிப்பைக் கட்டாயமாக்காமல், பெயரை அட்டையில் அச்சிட்டால் போதும் என்று விட்டுவிட்ட நாடுகளும் பல. அங்கே அட்டைதான் மாத்திரையின் முகவரி. அதைக் கத்தரிக்க நேர்ந்தால் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள முனையைக் கடைசி மாத்திரை தீரும்வரை விட்டுவைக்க வேண்டும். நாம் செய்வதோ நேர்மாறு: அந்த முனையில் இருக்கும் மாத்திரையைத்தான் முதலில் பிதுக்குகிறோம்!

இனி நிறம். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரைக்கு ஒவ்வோர் அளவுக்கும் ஒரு நிறம் வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அமெரிக்காவில் இளஞ்சிவப்பு என்றால் 1 மில்லிகிராம்; பிரிட்டனில் இளஞ்சிவப்பு என்றால் 5 மில்லிகிராம். நீலம் அமெரிக்காவில் 4, பிரிட்டனில் 3. நாடு மாறிய நோயாளி "நான் இளஞ்சிவப்பு சாப்பிடுகிறேன்" என்று மட்டும் சொன்னால் அளவு ஐந்து மடங்கு தவறலாம். இந்த மருந்தில் அது ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். மெத்தோட்ரெக்ஸேட் கதையும் இதே போலத்தான். மூட்டுவாதத்திற்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிடும் மருந்து அது. அதோடு தரப்படும் ஃபோலிக் அமிலமும் பல தயாரிப்புகளில் அதே போன்ற சிறிய மஞ்சள் வட்டம். இரண்டும் ஒரே டப்பாவில் கலந்துவிட்டால் கண்ணை நம்பிப் பிரிக்கக் கூடாது.

வேறு சில அடையாளங்களும் உண்டு. மாத்திரையின் மேல் ஊசி குத்தியது போல ஒரு துளை தெரிந்தால் அதை உடைந்த மாத்திரை என்று எறிந்துவிடாதீர்கள். மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும் சில வகைகளில் அந்தத் துளையை லேசர் கொண்டு போடுகிறார்கள். மருந்து தீர்ந்த பின் வெறும் கூடு மலத்தோடு அப்படியே வெளியேறும். பார்த்தவர்கள் மருந்து செரிக்கவே இல்லை என்று பதறுவார்கள். பழைய ஆஸ்பிரின் என்றால் மூக்கே சொல்லிவிடும்: ஈரம் பட்டுச் சிதைந்ததும் காடி வாசம் அடிக்கும்.

இவ்வளவும் பொருந்தியே விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் தெரிவது "இது இன்ன மாத்திரையைப் போல இருக்கிறது" என்பது மட்டுமே. ஒரு பக்கம் 'எம்', மறுபக்கம் 30 என்று பொறித்த சிறிய நீல மாத்திரை, ஆக்ஸிகோடோன் என்னும் வலி நிவாரணி. அதே நிறத்தில், அதே எழுத்தோடு, உள்ளே ஃபென்டனில் என்னும் மிகக் கடுமையான வேறொரு வலி நிவாரணியை வைத்துக் கள்ளத்தனமாக அச்சடிக்கிறார்கள். ஃபென்டனில் 2 மில்லிகிராமே உயிரைப் பறிக்கக் கூடும் என்கிறது அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு முகமை. அச்சை வெட்டத் தெரிந்தவனுக்கு எழுத்தைப் பொறிப்பது பெரிய வேலையா? ஆகவே, படத்தோடு ஒத்துப்போகிறது என்பதற்காக எந்த மாத்திரையையும் விழுங்காதீர்கள். பெயர் சரியாகவே இருந்தாலும் அதன் காலாவதித் தேதி தெரியாது, அது யாருக்கு எழுதிக் கொடுத்தது என்பதும் தெரியாது. மருந்தகத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

அப்படியானால் அடையாளம் காண்பது எதற்கு? யாரோ ஏற்கெனவே விழுங்கிவிட்டதைக் கண்டுபிடிக்கத்தான் அது பெரிதும் உதவுகிறது. குழந்தையின் கையில் பாதி மாத்திரை இருக்கிறது, மீதி எங்கே என்று தெரியவில்லை. அந்தப் பாதியையும், சிதறிய துண்டுகளையும், பக்கத்தில் கிடக்கும் அட்டையையும் ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். வீட்டில் யார் யார் என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று சொல்ல முடிந்தால் மருத்துவரின் தேடல் பாதியாகச் சுருங்கும். கிளிபென்கிளமைடு போன்ற சில சர்க்கரை நோய் மாத்திரைகளில் ஒன்றே ஒன்று சிறு குழந்தையின் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். அது பல மணி நேரம் கழித்தும் நிகழலாம். ஆகவே குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாலும் கிளம்பிவிடுங்கள். பொறிப்பைப் போகிற வழியில் படித்துக்கொள்ளலாம்.