டைசனின் தலையைப் பாருங்கள், கையை அப்புறம் பார்க்கலாம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சனிக்கிழமை சாயங்காலத்தைக் குத்துச்சண்டைக்காக ஒதுக்கிச் சமூக மன்றம் வரை வந்திருக்கும் பெரியோர்களே, இளையர்களே, வணக்கம்.

1986 முதல் 1988 வரை அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் மைக் டைசனை உச்சியில் வைத்தது அவருடைய திறமையா, எதிராளிகளின் பலவீனமா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் பலவீனம்தான் என்றார். டைசனிடம் தோற்றவர்களில் ஹோம்ஸ் கிழவர், ஸ்பிங்ஸ் பயந்தவர், சரியான ஆளாக டக்ளஸ் வந்தார், டைசன் விழுந்தார் என்று அடுக்கினார். கைத்தட்டலும் வாங்கினார். பதில் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. டைசன் என்ற மனிதருக்கு நற்சான்றிதழ் கொடுக்க நான் இங்கே வரவில்லை. 1992இல் பாலியல் வன்கொடுமை வழக்கில் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்துச் சிறைக்கு அனுப்பினார்கள். எந்த வெற்றியும் அதை அழிக்காது. ரிங்குக்குள் அந்த இரண்டு ஆண்டுகளில் நடந்ததை மட்டும்தான் நாம் எடைபோடுகிறோம்.

டைசன் என்றாலே எல்லோரும் அவருடைய கையைத்தான் பேசுகிறார்கள். இடி மாதிரி குத்து, ஒரே அடியில் ஆள் காலி என்கிறார்கள். ஐயா, குத்துக்குப் பலம் உள்ளவர்கள் ஹெவிவெயிட் என்ற அதிக எடைப் பிரிவில் எத்தனையோ பேர் இருந்தார்கள். டைசனின் தலையைப் பாருங்கள் என்கிறேன் நான். அவர் உயரம் 178 சென்டிமீட்டர்தான். இந்தப் பிரிவில் அது குள்ளம். எதிரில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஒரு தலை உயரம் கூடுதல், கை நீளமும் கூடுதல். அவர்கள் தூரத்தில் நின்று இடதுகையை நீட்டிக்கொண்டே இருந்தால் போதும், டைசன் கிட்டேயே வர முடியாது. ஆனாலும் வந்தார். எப்படி?

கஸ் டமாட்டோ என்ற பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்த முறை அது. இரண்டு கையுறைகளும் கன்னத்தோடு ஒட்டியிருக்கும், முழங்கைகள் விலாவை மூடியிருக்கும், தலை ஒரு கணம்கூட ஒரே இடத்தில் நிற்காது. எதிராளியின் இடதுகை வரும்போது தலை ஒரு பக்கம் நழுவும், முழங்கால் மடியும். நிமிரும்போது டைசன் நேர் எதிரே இருக்க மாட்டார். பக்கவாட்டில், எதிராளியின் கை எட்டாத கோணத்தில் நிற்பார். அங்கிருந்து வலதுகை விலாவில் ஒன்று, அதே வலதுகை மோவாய்க்குக் கீழிருந்து மேலே இன்னொன்று. சிலம்பம் கற்றவர்களுக்கு இது புரியும். கம்பைத் தொடுவதற்கு முன்னால் காலடியைத்தானே ஆசான் கற்றுக்கொடுக்கிறார்? டைசனின் குத்தும் காலில் இருந்துதான் கிளம்பியது.

1986 நவம்பர் 22, லாஸ் வேகஸ். எதிரே டிரெவர் பெர்பிக். முகமது அலியின் கடைசிச் சண்டையில் அவரை வென்றவர். இரண்டாவது சுற்றில் டைசனின் இடது ஹூக், பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, தலையில் பட்டது. பெர்பிக் விழுந்தார். எழ முயன்றார், தடுமாறி மறுபடி விழுந்தார். மறுபடி எழுந்தார், கயிற்றுப் பக்கம் சரிந்தார். அத்தனையும் ஒரே குத்துக்கு. நடுவர் அவரைத் தாங்கிப் பிடித்துச் சண்டையை நிறுத்தினார். இருபதே வயதில் டைசன் உலகச் சாம்பியன். அதைவிட இளம் வயதில் ஹெவிவெயிட் பட்டம் வென்றவர் இன்றுவரை இல்லை. இந்த நாளுக்காகவே அவரை வளர்த்த டமாட்டோ ஓராண்டுக்கு முன்பே இறந்துவிட்டார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

'நாக்அவுட் இல்லையென்றால் டைசனிடம் ஒன்றும் இல்லை' என்றும் எதிரணியில் ஒருவர் சொன்னார். அவருக்கு 1987 ஆகஸ்ட் 1ஆம் தேதியை நினைவூட்டுகிறேன். டோனி டக்கர், அதுவரை தோல்வியே காணாதவர், உயரம் ஏறக்குறைய 196 சென்டிமீட்டர். முதல் சுற்றிலேயே கீழிருந்து மேலே வந்த அவருடைய அப்பர்கட் குத்து ஒன்று டைசனை உலுக்கியது. வெறும் முரடனாக இருந்தால் அங்கேயே குழம்பிப்போயிருப்பான். டைசன் பன்னிரண்டு சுற்றும் பொறுமையாக நின்று புள்ளிகளில் வென்றார். உலகப் பட்டம் வழங்கும் மூன்று அமைப்புகளின் பட்டங்களும் ஒரே இடுப்புக்கு வந்தன. என்னைக் கேட்டால், 91 வினாடியில் முடிந்த ஸ்பிங்ஸ் சண்டையைவிட இதுதான் பெரிய சான்று.

சரி, ஸ்பிங்ஸ். பயந்தார் என்கிறீர்கள். பயந்திருக்கலாம். ஆனால் 31 சண்டைகளில் தோற்காத மனிதர், 48 சண்டைகளில் தோற்காத லேரி ஹோம்ஸையே முதன்முதலில் தோற்கடித்தவர், சும்மா பயப்படுவாரா?

அடுத்து டக்ளஸ். 1990 பிப்ரவரி, தோக்கியோ. டக்ளஸைக் குறைத்துப் பேச மாட்டேன். பெற்ற தாயைப் பறிகொடுத்துச் சில வாரங்களே ஆன நிலையில் அவர் ஆடிய ஆட்டம் மகத்தானது. ஆனால் தலைப்பில் உள்ள ஆண்டுகளைப் பாருங்கள். மேலாளர் ஜிம் ஜேக்கப்ஸ் 1988 மார்ச்சில் இறந்தார். டமாட்டோவின் முறையைக் கட்டிக்காத்த பயிற்சியாளர் கெவின் ரூனியை அதே ஆண்டின் இறுதியில் டைசன் நீக்கிவிட்டார். தோக்கியோவில் டைசனின் தலை அசையவே இல்லை. நேராக நின்று குத்து வாங்கினார். கண் வீங்கியபோது, வீக்கத்தை அழுத்தும் இரும்புகூட அவருடைய உதவியாளர்களிடம் இல்லை. ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீரை நிரப்பி வைத்து அழுத்தினார்கள். அந்த இரவு எதிரணிக்குச் சாட்சியா? எனக்குத்தான் சாட்சி. பலம் அப்படியேதான் இருந்தது, கலை போனது, பட்டமும் போனது.

இந்தக் கலையின் மதிப்பு சிங்கப்பூரர்களுக்குப் புதிதில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் களமிறங்கி, 1974 கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வென்ற நம் சையது அப்துல் காதர் 48 கிலோ பிரிவுக்காரர். குத்துச்சண்டை உடம்பின் அளவோடு முடிந்துவிடுவதில்லை என்று காட்டிய மனிதர் நம்மூரிலேயே இருக்கிறார்.

கடைசியாக அந்தக் 'கிழவர்'. 1988 ஜனவரியில் லேரி ஹோம்ஸுக்கு வயது 38. ஒன்றே முக்கால் ஆண்டாக ரிங்கில் இறங்கவில்லை. இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். நான்காவது சுற்றில் டைசன் அவரை மூன்று முறை வீழ்த்தினார். அதோடு எதிரணி நிறுத்திக்கொண்டது. நான் தொடர்கிறேன், நடுவர் அவர்களே. 1992இல், 42 வயதில், இதே ஹோம்ஸ் தோல்வியே அறியாத ஒலிம்பிக் சாம்பியன் ரே மெர்சரை வென்றார். அதே ஆண்டு அப்போதைய உலகச் சாம்பியன் ஹோலிஃபீல்டுடன் பன்னிரண்டு சுற்றும் நின்றார். 2002 வரை ஆடினார். மொத்தம் 75 சண்டைகள். அலி, நார்ட்டன், ஸ்பிங்ஸ், ஹோலிஃபீல்டு என்று எல்லோரையும் சந்தித்த அந்த 75இல், முடிவதற்குள் அவரை நிறுத்த முடிந்தவர் ஒரே ஒருவர். அவர் பெயரை எதிரணித் தலைவரே எழுந்து சொல்லட்டும். நன்றி, வணக்கம்.