கெட்டவனை யார் கண்ணால் பார்க்கிறோம்?

நேயர்களுக்கு வணக்கம்.

சினிமா பார்த்த அனுபவத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பிடித்த படம், பிடித்த பாட்டு என்று ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. அதனால் ஒரே ஒரு ஆளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். படத்தில் வருகிற கெட்டவன். பழைய படமோ புதிய படமோ, நான் முதலில் கவனிப்பது அவனைத்தான். அவன் திரையில் வரும்போது எனக்குள் என்ன நடக்கிறது என்பதை வைத்துத்தான் அந்தப் படத்தை எடைபோடுகிறேன்.

எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதில் குழப்பமே கிடையாது. பி.எஸ். வீரப்பா சிரித்தால் கெட்டவர். நம்பியார் கையைப் பிசைந்துகொண்டு கண்ணை உருட்டினால் கெட்டவர். 'மகாதேவி' படத்தில் "மணந்தால் மகாதேவி, இல்லையேல் மரணதேவி" என்று வீரப்பா முழங்குவதை இன்றைக்கும் ஆளாளுக்குச் சொல்லிப் பார்க்கிறோம். அந்த வில்லன்களைப் பார்த்துப் பயந்ததாக எனக்கு நினைவில்லை. திட்டலாம், ரசிக்கலாம், கடைசியில் அடி வாங்கும்போது கைதட்டலாம். நம்பியார் நிஜ வாழ்க்கையில் வருஷா வருஷம் சபரிமலைக்குப் போகிற சாமி என்று தெரிந்த பிறகும் திரையில் அவரைத் திட்டுவதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. கெட்டவன் அங்கே இருக்கிறான், நாம் இங்கே இருக்கிறோம். நடுவில் திரை இருக்கிறது. நிம்மதி.

அந்த நிம்மதியை 1954-லேயே ஒரு படம் கெடுத்தது. ஏவி.எம். தயாரித்து, வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டையும் கிடையாது. 'பராசக்தி' வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வசனத்துக்காக சிவாஜியைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய கூட்டம் கொட்டகைக்குள் வந்து உட்காருகிறது. படம் தொடங்கிய உடனே அவரைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள்! வசூலில் படம் தோற்றதில் ஆச்சரியமில்லை.

கதை நடப்பது 1943 அக்டோபரில், சென்னை மேல் ஜப்பான் விமானம் குண்டு போட்ட சமயத்தில். சிவாஜிக்கு ராஜன் என்ற ரேடியோ என்ஜினியர் வேடம். வானொலி நிலையத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அந்த ஆள் தன் ரேடியோ அறிவை வைத்து எதிரி நாட்டுக்கு உளவு பார்க்கிறவன். அவன் யார் என்று விசாரணையில் ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள். ஒருவர் பேச்சில் சொத்துக்குச் சண்டை போடும் ஆள், இன்னொருவர் பேச்சில் வேறொரு பெண்ணோடு பழக்கம் வைத்திருப்பவன். மனைவி உஷாவாக நடித்த பண்டரிபாய் சொல்லும்போதோ, நாம் பார்ப்பது அவள் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட மனிதனை. கொன்றது யார் என்று நான் சொல்லப்போவதில்லை. எழுபது வருஷம் ஆன படமானாலும் பார்க்காதவர்கள் இருப்பார்கள்.

முதல் முறை பார்த்தபோது கொலைகாரரைக் கண்டுபிடிப்பதிலேயே என் கவனம் போய்விட்டது. பிறகு பார்த்தபோதுதான் உஷாவின் முகம் கண்ணில் பட்டது. தேசத்தின் மேல் உயிரையே வைத்திருக்கும் பெண். தான் சோறு போட்ட மனிதன் யார் என்று அவளுக்குத் தெரியவரும் இடத்தில், அவனை அவள் கண்ணால் பார்க்கிறோம். வீரப்பாவைத் திட்டியதுபோல ராஜனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவன் செய்தது சரி என்றும் படம் சொல்லவில்லை.

அடுத்து 'உதிரிப்பூக்கள்'. 1979 தீபாவளிக்கு வந்த படம். இயக்கம் மகேந்திரன், ஒளிப்பதிவு அசோக்குமார், இசை இளையராஜா. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளைத்த கதை என்பார்கள். படித்துவிட்டுப் பார்த்தால் மகேந்திரன் எவ்வளவு தூரம் விலகிப் போயிருக்கிறார் என்பது தெரியும்.

இந்தப் படத்தின் சுந்தரவடிவேலுவைப் போல என்னைத் தொந்தரவு செய்த வில்லன் வேறு யாருமில்லை. விஜயன் நடித்திருக்கிறார். ஊரில் பெரிய மனுஷன், பள்ளிக்கூடம் நடத்துகிறவர். சத்தம் போட மாட்டார், மீசையை முறுக்க மாட்டார். நோயாளி மனைவியிடம் அவர் பேசுகிற நிதானத்தைப் பார்க்க வேண்டுமே! அவள் தங்கையைத் தனக்குக் கட்டிவைக்கச் சொல்லி மாமனாரிடம் கேட்பதுகூட ஏதோ கடனாகக் கொஞ்சம் நெல் கேட்பது மாதிரி இருக்கும். இப்படி ஒரு ஆள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார். வெளியே எல்லோருக்கும் அவர் மரியாதைக்குரியவர். வீட்டுக்குள் என்ன என்பது அந்த வீட்டுப் பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமே தெரியும். மகேந்திரன் நம்மை அந்தப் பிள்ளைகளோடு உட்கார வைத்துவிடுகிறார். 'அழகிய கண்ணே' பாட்டைத் தனியாக வானொலியில் கேட்டால் தாலாட்டு. படத்தோடு பார்த்தால், அம்மா இன்னும் எத்தனை நாள் இருப்பாள் என்ற பயம் அதன் அடியில் ஓடுவது தெரியும்.

முடிவு பலருக்கும் தெரிந்ததுதான். மச்சினியை அவர் மானபங்கப்படுத்திய பிறகு ஊர் ஒன்று கூடி அவரை ஆற்றுக்குக் கொண்டுபோகிறது. நீயே இறங்கு என்கிறது. இறங்குமுன் அவர் ஊரைப் பார்த்து, இத்தனை நாளும் நல்லவர்களாக இருந்த உங்களை இன்றைக்கு என்னைப்போல ஆக்கிவிட்டேனே என்கிற பொருளில் பேசுகிறார். தான் செய்ததிலேயே பெரிய பாவம் அதுதான் என்று நினைக்கிறார். விமர்சகர்கள் எல்லோரும் அந்த வசனத்தைத்தான் எடுத்துப் பேசுவார்கள். எனக்கு அந்த வசனத்தின் மேல் ஒரு சந்தேகம் உண்டு. சாகப்போகிற நேரத்திலும் ஊருக்கு மேலே நின்று தீர்ப்பு சொல்கிறாரே, அந்தத் திமிர் போகவே இல்லையே என்றுதான் தோன்றும். என்னோடு பார்த்த அம்மாவுக்கு அந்த வசனம் காதிலேயே விழவில்லை. கரையில் நிற்கும் இரண்டு பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, "இதுகளை இனிமே யாரு பாப்பா?" என்று கேட்டார். வில்லன் செத்தால் கைதட்டிப் பழகியவர் அவர். அன்றைக்கு அவர் கை தட்டவில்லை.

அப்புறம் சமீபத்துக்கு வருவோம். 2023-ல் மாரி செல்வராஜின் 'மாமன்னன்' வந்தது. வடிவேலு இப்படியும் நடிப்பாரா என்று எல்லோரையும் வியக்க வைத்த படம். வில்லன் ரத்னவேலுவாக ஃபகத் ஃபாசில். சாதித் திமிர் பிடித்தவன். பந்தயத்தில் தோற்றுப்போன தன் நாயையே அடித்துக் கொல்கிறவனாகத்தான் அவனை அறிமுகம் செய்கிறார்கள். இதற்குமேல் எப்படிக் காட்டுவது? ஆனால் படம் ஓடிடியில் வந்த பிறகு நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். அவன் நடந்து வருவதையும் முறைப்பதையும் வெட்டி எடுத்து, சாதிப் பெருமைப் பாட்டுகளை ஒட்டி, வீடியோ வீடியோவாகப் பரப்பினார்கள். படம் யாரை எதிர்த்து எடுக்கப்பட்டதோ அவனே கதாநாயகன் ஆகிவிட்டான்.

குற்றம் வெட்டி ஒட்டியவர்களுடையதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. சுந்தரவடிவேலுவை யாராவது அப்படி வெட்டி ஒட்ட முடியுமா? முடியாது என்று நினைக்கிறேன். அவர் வருகிற காட்சியில் எல்லாம் மனைவியோ பிள்ளையோ மாமனாரோ கூடவே இருக்கிறார்கள். அவர்கள் முகத்தை வெட்டிவிட்டு அவரை மட்டும் எடுக்க வழியில்லை. ரத்னவேலுவோ பல இடங்களில் தனியாக, அழகான வெளிச்சத்தில், கம்பீரமான இசையோடு வருகிறான். நானும்தான் அந்த இடங்களில் இமைக்காமல் பார்த்தேன். இயக்குநர் அவனை வெறுத்தார், கேமரா கொஞ்சம் ரசித்துவிட்டது. இது அந்த ஒரு படத்தின் குறை இல்லை. இன்றைக்கு வருகிற பெரும்பாலான படங்களில் வில்லனுக்கு நாயகனுக்குக் குறையாத அறிமுகக் காட்சி வைக்கிறார்கள். போதாததற்கு, அவன் ஏன் கெட்டவன் ஆனான் என்று ஒரு ஃப்ளாஷ்பேக் வேறு.

பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய 'கூழாங்கல்'லில் அந்த ஃப்ளாஷ்பேக் இல்லை. 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கிய படம், அந்த வருஷம் ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பியதும் இதைத்தான். ஒன்றேகால் மணி நேரம்தான். குடிகார அப்பன் கணபதி, பள்ளிக்கூடத்திலிருந்து மகன் வேலுவை இழுத்துக்கொண்டு, கோபித்துப் போன மனைவியைக் கூட்டி வரக் கிளம்புகிறான். அங்கே ஒரே ரகளை. பையன் அப்பன் காசைக் கிழித்துப் போட்டுவிடுகிறான். பிறகு கொளுத்தும் வெயிலில், பொட்டல் காட்டில் இருவரும் நடந்தே திரும்புகிறார்கள். தன் சகோதரியைக் கணவர் வீட்டை விட்டு விரட்ட, அவர் கைக்குழந்தையோடு பதின்மூன்று கிலோமீட்டர் நடந்து வந்ததுதான் இந்தக் கதைக்கு வித்து என்று இயக்குநரே சொல்லியிருக்கிறார்.

பாதிப் படம் அப்பனின் முதுகைத்தான் பார்க்கிறோம், பையன் பார்ப்பதுபோலவே. உடைந்த கண்ணாடித் துண்டால் வெயிலைப் பிடித்து அந்த முதுகில் அடிக்கிறான் பையன். பத்து வயதுப் பிள்ளைக்குக் கிடைத்த ஒரே ஆயுதம் அது. தாகத்துக்கு வாயில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொள்கிறான். வீட்டுக்கு வந்து அதை வைக்கிற இடத்தில் ஏற்கெனவே நிறையக் கூழாங்கற்கள் கிடக்கின்றன. இது அவனுக்கு முதல் நடை இல்லை. அதற்கு ஒரு வரி வசனம்கூட இல்லை.

என் தங்கை மகன் சினிமாவில் ஆர்வம் உள்ளவன். இந்தப் படத்தைப் பற்றி எனக்கும் அவனுக்கும் ஒரு வழக்கு. கணபதி மேல் அவனுக்குப் பரிதாபம். அந்த மண் அப்படி மாமா, மழை இல்லை, வேலை இல்லை, எலி பிடித்துச் சுட்டுத் தின்கிற குடும்பத்தைக்கூடக் காட்டுகிறார்களே, அந்த வறட்சிதான் அவனை இப்படி ஆக்கியது என்கிறான். எனக்குப் பரிதாபம் வரவில்லை. கடைசியில் பெண்கள் ஒரு பள்ளத்தைச் சுற்றி உட்கார்ந்து, ஊறி வருகிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்களே, அவர்கள் இருப்பதும் அதே மண்ணில்தானே என்று கேட்டேன். அவர்களையும் காட்டிவிட்டுத்தானே படத்தை முடிக்கிறார் இயக்குநர்? "அதுக்காக அவனை மன்னிக்கச் சொல்றேன்னு அர்த்தம் இல்லையே மாமா" என்றான். அதுவும் சரிதான் என்று பட்டது, ஆனால் வாய்விட்டு ஒத்துக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு வரும்போது இன்னொரு முறை சேர்ந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறோம்.

நன்றி, வணக்கம்.