சிரிச்சுக்கொண்டு வெட்டுற பொடியன்: ஒரு நாடக ரீச்சரின்ர கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்தமுறை வந்த கேள்விகளில ஒண்டு மனசை விட்டுப் போகுதே இல்லை. திருகோணமலை உவர்மலையில இருந்து ஒரு நாடக ரீச்சர் கேட்டிருக்கிறா. பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குச் சிலப்பதிகாரத்தில வாற கோவலன் கொலைக்களக் காட்சியைப் பழக்கிறாவாம். வாளோட நிக்கிற பொடியன் வெட்டப்போற நேரத்தில சிரிச்சுப் போடுறானாம். எத்தனை தரம் சொல்லியும் சிரிப்பு நிக்குதில்லையாம். "இவனுக்கு வேஷம் விளங்கேல்லையா, இல்லாட்டி மனுசனுக்குக் கொடுமையில ஒரு ஆசை இருக்கு எண்டதைத்தான் காட்டுறானா? கட்டளைக்குக் கீழ்ப்படியிறவனை மேடையில எப்பிடிக் காட்டுறது?" எண்டு கேக்கிறா.

ரீச்சர், அந்தச் சிரிப்பை அவசரப்பட்டு நிப்பாட்டாதேங்கோ. அது என்ன சிரிப்பு எண்டு முதல்ல பாருங்கோ.

1961இல அமெரிக்காவில யேல் பல்கலைக்கழகத்தில ஸ்டான்லி மில்கிரம் தொடங்கின பரிசோதனையைப் பற்றி இஞ்ச முதலும் கதைச்சிருக்கிறம். புதுசா வந்தவைக்காகச் சுருக்கமாச் சொல்லுறன். பத்திரிகை விளம்பரம் பார்த்து வந்த 40 ஆம்பிளையள். ஆளுக்கு 4 டொலரும் போக்குவரத்துக்கு 50 சதமும். ஞாபகசக்தி பற்றின ஆய்வு எண்டு சொல்லி ஒரு மெசினுக்கு முன்னால இருத்தினவை. மெசினில 30 சுவிட்ச். 15 வோல்ற்றில தொடங்கி, 15, 15ஆ ஏறி 450 வரைக்கும். அடுத்த அறையில இருக்கிறவர் பிழையாப் பதில் சொல்லுற ஒவ்வொரு தரமும் ஒரு சுவிட்ச் மேல போகவேணும். 300 வோல்ற்றில அவர் சுவரில அடிப்பார். 315க்குப் பிறகு சத்தமே இராது. உண்மையில மின்சாரம் ஒண்டும் பாயேல்ல, அவர் சொல்லிவைச்ச ஆள். ஆனா சுவிட்ச் போட்டவைக்கு அது தெரியாது. 40இல 26 பேர் 450 வரைக்கும் போச்சினம்.

இந்த 26ஐ எல்லாரும் சொல்லுவினம். நான் சொல்ல வந்தது 14ஐ. அந்த 40இல 14 பேர் சுவிட்ச் போடேக்க சிரிச்சிருக்கினம். வேர்த்து வழியுது, நாக்குத் தடுமாறுது, உதட்டைக் கடிக்கினம், நகத்தாலை தங்கட உடம்பையே கிள்ளினம், இதுக்குள்ள ஒரு சிரிப்பு. பிறகு கேட்டால், "நான் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை, ரசிச்சுச் சிரிக்கேல்ல" எண்டு வருத்தப்பட்டு விளக்கினவை. ரீச்சர், உங்கட பொடியன்ர சிரிப்பும் இதா இருக்கலாம்.

ரெண்டு சிரிப்பையும் மேடையில பிரிச்சுக் காட்ட வழி இருக்கு. ரசிக்கிறவன்ர கண் அடிபடுறவன்ர முகத்தில நிக்கும், தோள் தளர்ந்திருக்கும், மூச்சு ஓடும். நெருக்கடியில சிரிக்கிறவன்ர கண் அங்க நிக்காது. கட்டளை போட்டவனைப் பார்க்கும், இல்லாட்டி நிலத்தைப் பார்க்கும். தோள் காதுக்குக் கிட்ட ஏறும். மூச்சு நெஞ்சோட நிண்டு, சிரிப்பு மூக்காலை வரும். பொடியனுக்குச் "சிரியாதை" எண்டு சொல்லாதேங்கோ. "கோவலனைப் பாராதை, பழி சொன்ன பொற்கொல்லனைப் பார்" எண்டு சொல்லுங்கோ. சிரிப்பின்ர அர்த்தமே மாறிப்போடும்.

இனி, ஆசை எங்க? துரியோதனன் சபையைப் பற்றிக் கதைக்கேக்க சொன்ன அதே விசயம்தான், திரும்பச் சொல்லுறன்: ஆசை ஒருத்தன்ர, வாள் இன்னொருத்தன்ர. சிலப்பதிகாரத்தில பாருங்கோ. தேவி தலைநோ எண்டு சாட்டுச் சொல்லி ஊடிப் போயிட்டா. பாண்டியன் மந்திரிமாரை விட்டிட்டு அந்தப்புரத்துக்குப் போற அவசரத்தில நிக்கிறான். அந்த வாசலிலதான் பொற்கொல்லன் வந்து காலில விழுறான். தேவியின்ர சிலம்பைக் களவெடுத்தவனே அவன்தான். அவனுக்கு அந்தப் பழியைத் தள்ள ஒரு தலை வேணும். அரசனுக்கு ஒரு ஆசை, கொல்லனுக்கு ஒரு ஆசை. விசாரணை இல்லை. "கொன்று அச்சிலம்பு கொணர்க" எண்டு ஒரு வாய்ச்சொல். வாள் பிடிச்சவனுக்குக் கோவலனோட ஒரு பகையும் இல்லை.

ஆனா கட்டளை வந்த உடனை வாள் விழேல்ல. இதைத்தான் நிறையப் பேர் மேடையில விட்டுப் போடுறவை. காவலர் கோவலனைப் பார்த்திட்டு, இவன் கொலைப்படக்கூடிய ஆள் இல்லை எண்டு சொல்லினம். அப்ப கொல்லன் என்ன செய்யிறான்? அரசன்ர தண்டனையைச் சொல்லி ஒருக்கா வெருட்டுறான், ஆனா அதோட நிக்கேல்ல. பாடம் எடுக்கிறான். கள்வருக்கு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எண்டு எட்டுத் துணை இருக்கெண்டு நூல் படிச்சவன் மாதிரி விளக்கிறான். பாட்டில அந்த இடத்தில "அகநகைத்து" எண்டு ஒரு சொல் வருது. இளங்கோ அடிகள் சிரிப்பைக் குடுத்தது வாள்காரனுக்கு இல்லை, கொல்லனுக்கு. அதுவும் உள்ளுக்குள்ள.

மில்கிரமின்ர அறையிலயும் இதுதான் நடந்தது. சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஆய்வாளருக்கு நாலு வசனம் எழுதிக் குடுத்திருந்தது. முதலாவது "தயவுசெய்து தொடருங்கோ". ரெண்டாவது, பரிசோதனைக்கு இது வேணும் எண்டது. கடைசி, "உங்களுக்கு வேற வழியில்லை, தொடரத்தான் வேணும்". இந்தக் கடைசிதான் அப்பட்டமான கட்டளை. 2009இல வெளிவந்த ஒரு மறுபரிசோதனையில இந்த நாலாவது வசனம் கேட்ட ஒருத்தரும் தொடரேல்ல. ஆக, வெருட்டு மனுசனை நிப்பாட்டிப் போட்டுது. நல்ல காரியத்துக்கு உதவுறன் எண்ட எண்ணம்தான் கையை நகர்த்தினது எண்டு சில ஆய்வாளர் சொல்லுவினம். மில்கிரமின்ர ஒலிப்பதிவுகளைப் பிறகு திருப்பிக் கேட்டவை, ஆய்வாளர் அந்த நாலு வசனத்தோட நிக்காமல் கூட வற்புறுத்தினதையும், மின்சாரம் உண்மையோ எண்டு சிலர் சந்தேகப்பட்டதையும் எடுத்துக் காட்டினவை. அதையும் சேர்த்துத்தான் அந்த 26ஐப் பார்க்கவேணும்.

மேடைக்கு வாறன். தூரம் முக்கியம். அடிபடுறவரை அதே அறையில இருத்தினபோது 450 வரைக்கும் போனவை 40இல 16. அவற்ற கையைப் பிடிச்சுத் தகட்டில அமத்தவேணும் எண்டபோது 12. ஆய்வாளர் எழும்பிப் போய்த் தொலைபேசியில கட்டளை சொன்னபோது அஞ்சில ஒரு பங்கு அளவுதான் முடிவுவரை போனது. சிலர் குறைஞ்ச சுவிட்சைப் போட்டிட்டுக் கூட்டினதாப் பொய்யும் சொன்னவை. அதனாலை கொல்லனை மேடை ஓரத்தில விடாதேங்கோ. வாள்காரன்ர தோளுக்குப் பின்னால, மூச்சுப் படுற தூரத்தில நிப்பாட்டுங்கோ. கோவலனை எட்ட நிப்பாட்டி, முகத்தைச் சபைக்குத் திருப்புங்கோ. எங்கட வட்டக்களரியில, அதாவது சுத்திவர ஆக்கள் இருந்து பார்க்கிற கூத்துக் களத்தில, ஆடுறதெண்டால் இன்னும் லேசு: வாள்காரன் சுத்தி வரேக்க கோவலனுக்கு முன்னால வாற ஒவ்வொரு தரமும் தாளம் ஒருக்கா இடறட்டும், மத்தளகாரரிட்டச் சொல்லிவையுங்கோ.

ரீச்சர் கேக்காத ஒண்டு இருக்கு. ஏன் வெட்டினான் எண்டு எல்லாரும் கேக்கினம். பக்கத்தில நிண்டவை என்ன செய்தவை எண்டு ஆரும் கேக்கிறதில்லை. மில்கிரம் இன்னொரு தரம் பக்கத்தில ரெண்டு பேரை இருத்தி, இடையில "நாங்கள் மாட்டம்" எண்டு எழும்பவைச்சவர். அப்ப 450 வரைக்கும் போனது 40இல 4 பேர். ரெண்டு ஆய்வாளரை இருத்தி, ஒருத்தர் "தொடரு", மற்றவர் "நிப்பாட்டு" எண்டபோது ஒருத்தரும் முடிவுவரை போகேல்ல.

கொலைக்களத்தில சந்தேகம் எல்லாருக்கும் இருந்தது. வேல் வைச்சிருந்த ஒரு இளைஞன், தன்ர வாளையே பறிச்சுக்கொண்டு தப்பின ஒரு கள்வன்ர கதையைச் சொல்லிப்போட்டு, அரசனும் எங்களை வருத்துவான், என்ன செய்யிற, சொல்லுங்கோ எண்டு கேக்கிறான். பதில் சொல்ல ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. அந்த இடைவெளிக்குள்ளதான் "கல்லாக் களிமகன்" ஒருத்தன், குடிவெறியில நிண்டவன், வாளை வீசுறான்.

உங்கட காட்சியில அந்த இளைஞனுக்கு நல்லா நடிக்கிற பிள்ளையைப் போடுங்கோ. அவன் கேள்வி கேட்ட பிறகு மத்தளமும் சல்லரியும் நிக்கட்டும். மற்றக் காவலர் ஒருத்தற்ற முகத்தை ஒருத்தர் பார்க்கட்டும். ஆறேழு விநாடி ஒண்டும் நடக்கக்கூடாது. பொடியன் சிரிக்கிறதெண்டால் அந்த ஆறேழு விநாடிக்குள்ள சிரிக்கட்டும்.