இர்மா தாமஸ்: 60 வருடம் தாமதமான ஒரு டூயட்

[திரையில்: நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் விழா, மே 2024]

மேடையில் பிரிட்டிஷ் ராக் இசைக்குழு ரோலிங் ஸ்டோன்ஸ். நடுவே 83 வயது அம்மையார் ஒருவர் வந்து, குழுவின் பாடகர் மிக் ஜாகர் பக்கத்தில் நிற்கிறார். இருவரும் ‘டைம் இஸ் ஆன் மை சைடு’ பாடுகிறார்கள். ஸ்டோன்ஸ் பாட்டுக்கு விருந்தாளியாக வந்தவர் என்று தோன்றும். விஷயம் அப்படியே தலைகீழ்.

அவர்தான் இர்மா தாமஸ். நியூ ஆர்லியன்ஸின் சோல் ராணி. சோல் என்பது கறுப்பின அமெரிக்கர்களின் உணர்ச்சி ததும்பும் பாட்டு வகை.

[திரையில்: இர்மாவின் 1964 இசைத்தட்டு. ஒரு கை அதைத் திருப்பிப் போடுகிறது.]

முன்பக்கப் பாட்டு ‘பிளாக் மிரர்’ டிவி தொடரின் ரசிகர்களுக்குத் தெரியும்: அந்தத் தொடரில் போட்டி மேடையில் ஒரு பெண் பாடுவாளே, அதுதான். நமக்கு வேண்டியது பின்பக்கம்: ‘டைம் இஸ் ஆன் மை சைடு’. முந்தைய வருடம் ஒரு டிராம்போன் கலைஞர் இதே பாட்டை வெளியிட்டார். அதில் வரிகள் என்று சொல்லிக்கொள்ள நாலைந்துதான். மீதி வரிகள் எழுதிச் சேர்க்கப்பட்டது இர்மா பாடுவதற்காக. நடுவில் பாட்டை நிறுத்திவிட்டு, விட்டுப்போகிற காதலனிடம் ‘போய்ட்டு வா, பார்க்கலாம்’ என்ற தோரணையில் பேசுவார். அதட்டல் கிடையாது, கெஞ்சலும் கிடையாது.

அதே வருடம் ஸ்டோன்ஸ் அதை எடுத்துக்கொண்டார்கள், அந்தப் பேச்சு உட்பட. அமெரிக்காவில் டாப் 10-க்குள் நுழைந்த அவர்களுடைய முதல் பாட்டு அது. அப்புறம் இர்மா பாடினால், “ஸ்டோன்ஸ் பாட்டா?” என்று கேட்டார்கள். வெறுத்துப்போய்ப் பல வருடம் அந்தப் பாட்டைத் தொடவே இல்லை.

இது முதல்முறையும் இல்லை. 1963-இல் அவர் பாடிய ‘ரூலர் ஆஃப் மை ஹார்ட்’ வார்த்தைகள் மாறி, பாடகர் ஓடிஸ் ரெட்டிங்கின் ‘பெய்ன் இன் மை ஹார்ட்’ ஆனது.

இதையெல்லாம் சொல்லி ‘பாவம், அதிர்ஷ்டம் இல்லாதவர்’ என்று முடிப்பதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் பாட்டுத் தொழிலை நடத்திய விதத்தைப் பாருங்கள்.

[திரையில்: லூசியானா வரைபடம். பொன்சட்டூலா, நியூ ஆர்லியன்ஸ்.]

1941-இல் பொன்சட்டூலாவில் பிறந்தவர். 19 வயதுக்குள் நான்கு குழந்தைகள். ஒரு கிளப்பில் சர்வர் வேலை. பரிமாற வேண்டிய நேரத்தில் டாமி ரிட்க்லி இசைக்குழுவோடு பாடியதால் வேலை போனது. அந்த ரிட்க்லியே ரெகார்டிங்குக்கு வழி காட்டினார். 1969-இல் கமில் புயல் அடித்து, கச்சேரிகள் ஓய்ந்ததும் கலிஃபோர்னியா போனார். அங்கே மான்ட்கோமரி வார்டு கடையில் வேலை, ஓய்வு நேரத்தில் பாட்டு. 1970-களிலேயே ஊர் திரும்பினார். பிறகு கணவரோடு ‘லயன்ஸ் டென்’ என்ற சொந்த கிளப்பையும் நடத்தினார்.

2005-இல் கத்ரீனா புயல். அன்று அவர் கச்சேரிக்காக ஆஸ்டினில் இருந்தார். வீடு, கிளப் இரண்டிலும் வெள்ளம். அடுத்த வருடம் ‘ஆஃப்டர் தி ரெய்ன்’ ஆல்பம் வந்தது. 2007-இல் அதற்கு கிராமி இசை விருது, ப்ளூஸ் பிரிவில். முதல் ரெகார்டு போட்டு ஏறக்குறைய 47 வருடம் கழித்து!

சரி, எதில் தொடங்கிக் கேட்பது? 1962-இல் இசையமைப்பாளர் ஆலன் டூசான்ட் உருவாக்கிய ‘இட்ஸ் ரெய்னிங்’. பின்னணிப் பெண்கள் ‘ட்ரிப் ட்ராப்’ என்று மழையாய்ச் சொட்ட, இர்மா குரலை உயர்த்தாமல் அழுகையைச் சொல்லிவிடுவார். அது முடிந்த கையோடு 2006 ஆல்பத்தைப் போடுங்கள். குரல் கனத்திருக்கும், சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கும். அப்போதும் கத்த மாட்டார்.